ஒரு விரற்கடை

அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டர். எஸ்.டி.டி. வசதி வராத ஊர்களுக்கு லைன் கேட்டால், நம்பரை எழுதிக்கொண்ட பிறகு ஒரு கேள்வி கேட்பார். "அங்க யாரும் எடுக்கலீன்னா அடுத்தாப்புல எந்த நம்பருக்குப் போடறதுங்க?" இன்னும் ஒரு மணிகூட அடித்திருக்காது, அதற்குள் எடுக்காமல் போவதைப் பற்றிய பேச்சு. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஃபவுண்டரியில் இந்தக் கேள்விக்காகவே அவர் குரல் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்குரலுக்குச் சொந்தக்காரர் எங்கள் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார் என்பது நாங்கள் அங்கே குடிபோய் ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அதற்கு முன்பே அவருடைய சத்தம் எங்களுக்குப் பழக்கம். கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு லைன் வீடு அது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு வீடுகள். கடைசி வீடு அவருடையது, அதற்கு முந்தியது எங்களுடையது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். காலை பத்து மணி வாக்கில் என் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு விழும். அடுக்கில் இருக்கும் டம்ளர்கள் ஒன்றையொன்று உரசிக்கொள்ளும். பிறகு சத்தமே இருக்காது. அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்தும். லைனில் இருந்த ஆண்கள் எல்லாம் மில்லுக்கும் ஃபவுண்டரிக்கும் போயிருப்பார்கள். எனக்கு இருபத்து மூன்று வயது. உடுமலைப்பேட்டையிலிருந்து கல்யாணமாகி வந்த புதிது.

ஒருநாள் அந்த அமைதி வழக்கத்தைவிட நீண்டுவிட்டது. போய்க் கதவைத் தட்டினேன். தாழ்ப்பாள் போடவில்லை, தட்டின தட்டில் திறந்துகொண்டது. உள்ளே ஒரு பலகை பெஞ்சில் அவர் மல்லாக்கப் படுத்திருந்தார். நெஞ்சுக்கு மேலே, இரண்டு பக்கமும் வட்ட வட்டமாக இரும்புப் பிளேட்டுகள் மாட்டிய ஒரு ராடு நின்றுகொண்டிருந்தது. அதைக் கைகள் இரண்டும் தாங்கிக்கொண்டிருந்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"அங்கியே நில்லுங்க," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

நின்றேன். ராடு மெதுவாக மேலே போய், தலைமாட்டில் இருந்த கொக்கிகளில் உட்கார்ந்தது. அவர் எழுந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஏனுங் அம்மணி, பயந்துபோட்டீங்களா?"

"சத்தமே காணமுங்க. அதுதான்..."

"மூச்சு வாங்கிட்டு இருந்தேனுங்க. உக்காருங்க, காப்பி வெக்கறேன்."

முப்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. உயரமில்லை, ஆனால் தோள் அகலம். டியூட்டிக்குப் போகும்போது அந்தத் தோளைக் காட்டன் சேலையின் முந்தானைக்குள் ஒடுக்கிக்கொண்டு போவார். தூக்கும்போது ஒரு பழைய ஆண் சட்டை, வளையல், சங்கிலி எதுவும் கிடையாது. பின்னல் பெஞ்சுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் என்று கொண்டை. வேலை கிடைத்ததே விளையாட்டுக் கோட்டாவில்தான் என்றார். வருசத்துக்கு ஒன்றிரண்டு போட்டி இருக்கும், ஆபீசில் ஸ்பெஷல் லீவு கொடுப்பார்கள். ஷிப்ட் மாறி மாறி வருவதால் ஜிம்முக்குப் போக நேரம் ஒத்து வராது. போனாலும் அங்கே எல்லாம் ஆண்கள். படுத்துக்கொண்டு ராடு தூக்கும் பெண்ணின் தலைமாட்டில் யார் வந்து நிற்பது என்பதில் அவர்களுக்கும் சங்கடம், இவருக்கும் சங்கடம். அதனால் வீட்டிலேயே தனியாக.

தனியாகத் தூக்குவதற்கு அவர் வைத்திருந்த ஏற்பாடுகளைப் பார்த்தால் ஒரு கல்யாணத்துக்கு ஏற்பாடு பண்ணினதுபோல இருக்கும். தரையில் மில்லில் கழித்துப் போட்ட பட்டை பெல்ட்டுகளை விரித்திருந்தார். பிளேட்டுகளில் எழுதியிருக்கும் எடையை அவர் நம்பவில்லை. ஒவ்வொன்றையும் பழைய இரும்புக் கடைத் தராசில் நிறுத்து, சரியான எடையைப் பெயிண்டால் எழுதி வைத்திருந்தார். பெஞ்சுக்கு இரண்டு பக்கமும் பக்கத்துக்கொன்றாக இரும்பு ஸ்டாண்டுகள். அதன் உயரத்தை அவர் அளந்த விதத்தை எனக்குப் படுத்தே காட்டினார்.

"நெஞ்ச நிமித்துனா ராடு நெஞ்சுல தொடோணுங்க. மூச்ச உட்டு நெஞ்சத் தாழ்த்துனா ராடு ஸ்டாண்டுல உக்காந்துக்கோணும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வெரக்கடை. அந்த ஒரு வெரக்கடைதானுங்க நம்ம உசுரு."

ராடின் முனைகளில் பிளேட் நழுவாமலிருக்கக் கிளிப் மாட்டுவார்களாம். படுத்துத் தூக்கும்போது மட்டும் அவர் மாட்டமாட்டார். துணைக்கு ஆள் இருந்தால் மாட்டவேண்டும், தனியாக இருந்தால் மாட்டக்கூடாது. ஒருவேளை ராடு மேலே விழுந்து அமுக்கிவிட்டால், ஒரு பக்கமாகச் சாய்த்தால் பிளேட்டுகள் தானாக நழுவி விழ வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு, தூக்க முடியும் என்று முழுதாகத் தெரிந்த எடையைத்தான் மாட்டுவார். பத்துத் தடவை முடியுமென்றால் எட்டோடு நிறுத்திக்கொள்வார்.

ராடோடு மட்டுமல்ல, எல்லாவற்றிலும் அப்படித்தான். மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் ஈரச் சாக்கு பக்கத்தில் இருக்கும். மொபெட்டில் மருதமலைக்குப் போவதென்றாலும் பையில் இரண்டாவது ஸ்பார்க் பிளக் இருக்கும். தொண்டாமுத்தூரில் அண்ணன் தோட்டத்துக்குப் போனால், யானை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று முதல் நாளே நடந்து பார்த்துவிட்டுத்தான் அங்கே படுப்பார் என்று அவருடைய அண்ணி ஒருமுறை வந்தபோது என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவரும் கூடச் சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை.

வீட்டு ஓனர் ஒரு ரிட்டையர்டு மில் மேஸ்திரி. சுவர் அதிருகிறது என்று யாரோ சொல்லி, ஒருநாள் காலி பண்ணச் சொல்வதற்கென்றே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"ஏனுங்க, பொம்பள ஒத்தையில இருக்கற ஊட்ல இதென்னங்க? மேல உழுந்து ஒண்ணு ஆச்சுன்னா போலீசு என்ற ஊட்டுக்கல்ல வரும்."

"உள்ள வந்து ஒருக்கா படுத்துப் பாருங்க," என்றார் இவர்.

"படுக்கறதா?"

"வெறும் ராடுதானுங்க. பாத்துப்போட்டு அப்பறம் காலி பண்ணச் சொல்லுங்க, பண்ணிக்கறேன்."

எப்படிச் சம்மதித்தாரோ தெரியாது. ஓனர் சட்டைப் பையிலிருந்த கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் படுத்தார். இவர் ராடை எடுத்து அவர் கையில் கொடுத்து, "இப்ப உட்டுப்போடுங்க," என்றார். ஓனர் விடவில்லை. அறுபது வயசு ஆள், முகம் வெளுத்து, ராடை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தார். "உடுங்க, ஒண்ணும் ஆகாது," என்றார் இவர் மறுபடி, டிரங்க் லைனில் பேசும் அதே குரலில். கொஞ்ச நேரம் கழித்து ஓனர் கண்ணை மூடிக்கொண்டு ராடை விட்டார். ராடு டங்கென்று ஸ்டாண்டில் விழுந்து, அவர் தொண்டைக்கு ஒரு விரல் மேலே நின்றது.

ஓனர் எழுந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டார். "மத்தியானத்துல மட்டும் வேண்டாமுங்க, நான் தூங்கற நேரம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ராடு விழுந்த அந்தக் கணத்தில் இவர் முகத்தைப் பார்த்திருந்தேன். இவர் ஓனரைப் பார்க்கவில்லை, ஸ்டாண்டின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டதற்கு, அவர் சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார். இடது காறை எலும்பு நடுவில் ஒரு முடிச்சுப்போல மேடு தட்டியிருந்தது. பதினெட்டு வயதில், ஒரு பயிற்சி முகாமில் நடந்தது. தலைமாட்டில் நின்றது அவருடைய சிநேகிதி. அறை வாசலிலிருந்து யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"திரும்புனா. அவ்வளவுதானுங்க. ஒரு நிமிசம்கூட இல்ல. அவ மேல தப்பே இல்லீங்க. கூப்புட்டா மனுசன் திரும்பத்தான் செய்வான்."

"அப்பறமுங்க?"

"எனக்கு மூணு மாசத்துல எலும்பு கூடிருச்சு. அவளுக்குத்தான் கூடல. அழுதுகிட்டே இருந்தா. பாக்க வர்றதயும் நிறுத்திப்போட்டா. இந்த இரும்பப் பக்கமே திரும்பிப் பாக்கலீங்க அதுக்கப்பறம்."

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலியோரம் நின்று அவரிடம் சொன்னார். "நாங்கெல்லாம் பக்கத்துலதான இருக்கறமுங்க? ஒரு சத்தம் குடுத்தீங்கன்னா வந்துற மாட்டமா?"

"இருக்கறப்ப இருப்பீங்க," என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் மழை பெய்யும் என்பதுபோலச் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கோ அவரிடம் எப்படியாவது ஒரு பொறுப்பை வாங்கிவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. இரண்டு மூன்று நாள் விடாமல் கேட்டேன். கடைசியில் ஒன்றே ஒன்று கொடுத்தார். பயிற்சி முடிந்ததும் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். பதினொன்றேகால் வரை தட்டு வரவில்லையென்றாலோ, கூப்பிடும் சத்தம் கேட்டாலோ நான் போய்ப் பார்க்க வேண்டும். நான் தூக்கக் கூடாது. ராடை வயிற்றுப் பக்கமாக உருட்டிவிட மட்டும் கை கொடுக்க வேண்டும், அப்புறம் தெருமுனை லேத் பட்டறையில் ஆள் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

நான்கு மாதம் அப்படி நடந்தது. அவருக்குக் காலை டியூட்டி இல்லாத நாட்களில் பத்திலிருந்து பதினொன்றேகால் வரை நான் சமையலறையை விட்டு நகரமாட்டேன். இரண்டு தட்டு வந்தவுடன் நானும் பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டுவேன். அவர் கேட்டதில்லை, நானாகத் தட்டுவது.

சித்திரை மாசம். தெருக்குழாயில் தண்ணீர் வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. எப்போதும் விடிகாலையில்தான் விடுவார்கள். அன்று பத்தேகாலுக்கு, "தண்ணி வந்துருச்சு" என்று முதல் வீட்டில் சத்தம். குடங்கள் இடிபடும் சத்தம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: இரண்டு குடங்களைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரை ஒருமுறை பார்த்தேன். அந்தப் பக்கம் இரும்பு ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று போனேன்.

குழாயடியில் இருபது பேர். குடத்துக்கு முறை தப்பியதில் இரண்டு பேருக்குள் சண்டை. நடுவில் புகுந்து என் முறையை நான் விடவில்லை. எட்டு நாள் தண்ணீர் இல்லாமல் இருந்தவர்களுக்குத்தான் அது புரியும். நான் சுவரை மறந்தேன், மணியை மறந்தேன், அவரை மறந்தேன். உண்மை அதுதான்.

குடங்களோடு திரும்பி வந்து சமையலறையில் காலை வைத்தேன். பாதத்தில் நறநறவென்று ஏதோ மிதிபட்டது. சுவரின் பூச்சு ஒரு முறம் அகலத்துக்குப் பெயர்ந்து கிடந்தது. களைந்து வைத்திருந்த அரிசியெல்லாம் சிமெண்டுத் தூள். சுவரில் உள்ளங்கை அளவுக்குச் செங்கல் வெளியே தெரிந்தது, அந்தச் செங்கல்லும் உள்பக்கமாகத் தள்ளி நின்றது.

குடத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. ஓடினேன்.

அவர் பெஞ்சுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, இடது முன்னங்கையைத் துண்டால் சுற்றி அழுத்திப் பிடித்திருந்தார். துண்டு சிவப்பாக நனைந்திருந்தது. இடது பக்கத்து ஸ்டாண்டு முழங்கால் மடிந்ததுபோலக் கிடந்தது, வெல்டிங் விட்டுப்போயிருந்தது. ராடு என் சுவரோரம். பிளேட்டுகள் அறை முழுக்க.

என்னைப் பார்த்ததும் கேட்டார். "தண்ணி கெடச்சுதுங்களா?"

நான் நனைந்த துண்டைப் பார்த்துக்கொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். 

"ரெண்டு குடம் கெடச்சுதுங்களா அம்மணி?"

"அக்கா..."

"ஒண்ணுமில்லீங்க. தையல் போட்டாச் செரியாப்போகும். ஒரு ஆட்டோ மட்டும் பாத்துக் கூட்டியாங்க."

ஆஸ்பத்திரியில் பதினோரு தையல் போட்டார்கள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, யாருக்கோ நடந்ததைப்போல எனக்கு விவரம் சொன்னார். கடைசிச் சுற்றில் ராடைத் தாழ்த்தி ஸ்டாண்டில் வைத்த நேரம் இடது ஸ்டாண்டு மடங்கியிருக்கிறது. ராடு சரிந்து நெஞ்சின் இடப்பக்கம் அமுக்கிவிட்டது. கிளிப் இல்லாததால் பிளேட்டுகள் நழுவியிருக்க வேண்டும். ஆனால் மடங்கிய இரும்பில் அவை மாட்டிக்கொண்டன. உடம்பை முறுக்கி முறுக்கி, ராடைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து அந்த மாட்டலை விடுவித்திருக்கிறார். இடது பிளேட்டுகள் விழுந்த நொடியில் வலது பக்கம் கனத்து, ராடு தூக்கியடித்துச் சுவரில் போய் மோதியது. போகிற போக்கில் கையைக் கிழித்தது.

"எவ்வளவு நேரமுங்க அடியில கெடந்தீங்க?"

"தெரியலீங்க. கடிகாரம் எனக்குப் பின்னாடி இருந்துச்சு."

"நான் இருந்திருக்கோணும்," என்று அழுதேன்.

"நீங்க வரலீன்னா என்ன பண்றதுன்னு பாத்துப்போட்டுத்தானுங்க நான் படுத்ததே," என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரைப் பூசிக் கொடுத்தார். கை ஆறியதும் அவர் புது ஸ்டாண்டுகள் செய்தார். இந்தமுறை வெல்டிங் இல்லை, முழுக்க போல்ட்டு. முழு எடையையும் மாட்டி, மேலிருந்து மூன்று தடவை அதன்மேல் போட்டுப் பார்த்தார். பத்து மணிக்கு மறுபடி இரும்புச் சத்தம் கேட்டது. ஆனால் முடிந்ததும் சுவரில் தட்டு வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

ஒரு வாரம் பொறுத்துக் கேட்டேன்.

"தட்டறத நிறுத்திப்போட்டீங்களாக்கா?"

"உங்களுக்கு எதுக்குங்க தொந்தரவு. வேல கெட்டுப்போகுது."

"தொந்தரவுன்னு நான் சொன்னனுங்களா?"

"சொல்லலீங்க," என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு நகரவில்லை.

தட்டு நின்றதே தவிர நான் கேட்பதை நிறுத்தவில்லை. அடுப்பில் எது இருந்தாலும் பத்து மணிக்கு என் காது அந்தச் சுவரில்தான் இருக்கும். ஒவ்வொரு ஏற்றத்தையும் எண்ணுவேன். எட்டு வந்துவிட்டால் மூச்சு விடுவேன். ஆறோடு நின்றால் வாசலுக்குப் போய் அவர் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த நேரத்தில் தண்ணீர் வந்தால்கூடப் பதினொன்றேகாலுக்குப் பிறகுதான் போவேன். அதற்குள் குழாயில் காற்றுதான் வரும். அவரிடம் நான் இதைச் சொன்னதில்லை.

கார்த்திகையில் ஈரோட்டில் போட்டி. ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அவர் கேட்கவில்லை, நானாகத்தான் கூடப் போனேன். "எதுக்குங்க?" என்றார். "சும்மாதானுங்க," என்றேன்.

பெண்கள் பிரிவில் ஐந்தே பேர். மணவறை இருக்கும் மேடையில் பெஞ்ச். போட்டியில் தனியாகத் தூக்க விடமாட்டார்கள். தலைமாட்டில் ஒருவர், பக்கத்துக்கு ஒருவர் என்று மூன்று பேர் தாங்குவதற்கு நிற்பார்கள். மூன்று பேரும் கல்லூரிப் பையன்கள் மாதிரி இருந்தார்கள். ஆரம்பிக்கும் முன்னால் இவர் அவர்களிடம் போய் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டார். ஒருவன் ரப்பர் செருப்புப் போட்டிருந்தான். கழற்றச் சொன்னார். இன்னொருவன் கைவிரலில் கட்டு. "இவருக்குப் பதுலா வேற ஆள் போடுங்க," என்றார். அமைப்பாளர் ஒருவருக்குக் கோபம்.

"ஏனுங்க, உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்? நீங்கதான் மூணாவது சான்ஸ் எடுக்கவே மாட்டீங்களே."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. ஆளுக்கு மூன்று முறை தூக்கலாம். முதல் இரண்டுக்கும் எல்லோரும் முடியும் என்று தெரிந்த எடையைக் கேட்பார்கள். மூன்றாவதுக்குத்தான் முடியுமோ முடியாதோ என்கிற எடையைக் கேட்பது. இவர் இத்தனை வருசத்தில் ஒருதடவைகூட மூன்றாவதை எடுத்ததில்லையாம். பத்தாண்டுகளாக இரண்டாவது இடம், மூன்றாவது இடம்.

முதல் தடவை ஐம்பத்தைந்து கிலோ. தூக்கினார். இரண்டாவது அறுபது. தூக்கினார். மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார். எழுதுகிறவர் தலையைத் தூக்காமலே அவர் பெயருக்கு நேரே கோடு போடப் போனார்.

"இருங்க," என்றார் இவர். பின்னால் நின்ற அடுத்த பெண் காலை மாற்றி மாற்றி நின்றாள். "அறுவத்தேழரை போடுங்க."

வீட்டில் அவர் அறுபதுக்கு மேல் மாட்டி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு எடைக்கும் சுவரில் ஒரு சத்தம் உண்டு. இந்தச் சத்தம் எனக்குத் தெரியாது.

படுத்தார். மூன்று பேரும் குனிந்து நின்றார்கள். ராடு இறங்கி நெஞ்சைத் தொட்டது. நடுவர் கை காட்டினார். ராடு கிளம்பியது. பாதி தூரம் வந்தது. அங்கே நின்றுவிட்டது.

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அவர் கால்விரல்கள் தரையைப் பறண்டின. அந்தத் தழும்புள்ள இடது கையின் முட்டி வெளிப்பக்கம் விலகியது. மூன்று பையன்களும் தொடவில்லை. அவராக எடுக்கச் சொல்லும்வரை அல்லது ராடு கீழே போகும்வரை தொடக் கூடாது, தொட்டால் கணக்கில் வராது. ராடு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

"எடுத்துக்குங்க," என்றார் அவர்.

கத்தவில்லை. பந்தியில் யாரிடமோ சொல்வதுபோல, அந்த எடைக்குக் கீழேயும் ஒரு 'ங்க' போட்டுச் சொன்னார். ஆறு கைகள் ராடைப் பிடித்துத் தூக்கிக் கொக்கியில் வைத்தன. மூன்று நடுவர்களும் சிவப்புக் கொடி காட்டினார்கள். அவர் எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

மூன்றாவது இடம்தான் கிடைத்தது. ஒரு டம்ளரும் சான்றிதழும் கொடுத்தார்கள். வெளியே வந்தபோது கேட்டேன்.

"வலிச்சுதுங்களாக்கா?"

"இல்லீங்க. வெக்கமா இருந்துச்சு." கொஞ்ச தூரம் நடந்தார். "இப்பப் பசிக்குதுங்க."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மெஸ். இரண்டு இலை போட்டார்கள். எப்போதும் அளந்து சாப்பிடுகிறவர், அன்று மூன்றாவது முறை சாதம் வாங்கினார். பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னிக்கு உங்களக் கூப்புட்டேனுங்க."

எனக்கு உடனே புரியவில்லை.

"ஸ்டாண்டு மடங்குன அன்னிக்கு. அம்மணின்னு கூப்புட்டேன். சத்தம் பத்தலீன்னு மறுக்காவும் கூப்புட்டேன். மூணாவது தடவைக்கு மூச்சு இல்லீங்க. அப்பறம்தான் முறுக்க ஆரம்பிச்சேன்."

என் கை இலையிலேயே நின்றுவிட்டது. ஏழு மாதம். ஆஸ்பத்திரியில், வாசலில், வேலியோரத்தில் எத்தனை தடவை பேசியிருப்போம். ஒருமுறைகூட இதைச் சொல்லவில்லை.

"நான் குழாய்கிட்ட இருந்தேனுங்க. கேக்கல."

"தெரியுமுங்க."

"எம்மேல கோவமா இருந்துச்சுங்களா?"

"ரொம்ப."

"இப்பவுமுங்களா?"

யோசித்தார். பொய் சொல்லக் கூடாது என்பதற்காக யோசிப்பதுபோல இருந்தது. பக்கத்து மேசையில் சர்வர் ரசம் ஊற்றிவிட்டுப் போனான்.

"கொஞ்சம் இருக்குதுங்க," என்றார்.

சொல்லிவிட்டு, கையை நீட்டி என் இலையில் நான் தொடாமல் வைத்திருந்த அப்பளத்தை எடுத்து நொறுக்கிச் சாப்பிட்டார். யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்டு வாங்காதவர் அவர். நான் அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சர்வரைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு அப்பளம் கேட்டேன்.